மாமூலாகக் கிடைத்தது எப்போது உரிமையாகும்?

“அண்ணே, வர்ற மாசத்திலேர்ந்து பள்ளிக்கூட வேன் கிடையாதாம். பெரட்டுல கிராணி சொல்லிட்டாரு. பிள்ளைங்க எப்படிண்ணே போவும்?”

காலைப் பெரட்டு முடிந்த கையோடு, வேலைக்குப் போகாமல் நேரே சங்க அலுவலகத்துக்கு வந்து நின்ற ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. அவரோடு இன்னும் ஐந்து பெண்கள். எல்லோரும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள். அன்றைய நாள் கூலி போனாலும் போகட்டும் என்று வந்திருந்தார்கள். இடம் ஈப்போவுக்கு வடக்கே, ஒரு காலத்தில் பால் மரம் நின்று இப்போது செம்பனை நிற்கும் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பேசித் தீர்ந்த விவகாரம்.

அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி பிள்ளைகள் குறைந்து டவுனுக்கு மாறிப் பதினேழு வருஷம். அன்று முதல் நிர்வாகத்தின் வேன்தான் பிள்ளைகளை ஏற்றிப் போய் ஏற்றி வந்தது. ஒரு காசு வாங்கியதில்லை. தோட்டம் கை மாறியது. புதிய நிர்வாகம் கணக்கைப் பார்த்தது, வேனை நிறுத்தியது. காரணம் கேட்டதற்கு நிர்வாகி சொன்ன பதில் இரண்டே வரி: “இது ஒப்பந்தத்தில் இல்லை. பழைய நிர்வாகம் மனமிரங்கிச் செய்தது.”

தோழர்களே, இந்த இரண்டு வரியைக் கேட்காத தோட்டம் நமது பேராக்கில் உண்டா? தீமிதிக்குச் சம்பளத்தோடு ஒரு நாள், தீபாவளிக்கு முன்பணம், சம்பள நாளன்று சீக்கிரம் வேலை முடிப்பது, லயத்துக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி என்று மாமூலாக நடந்து வந்தவை எத்தனையோ. இவை எதுவும் நம் கையில் இருக்கும் கடிதத்தில் இல்லை. அப்படியானால் இவையெல்லாம் நிர்வாகம் கொடுக்கும் சலுகையா, நமது உரிமையா? சலுகை என்றால் கொடுத்தவர் நினைத்த நாளில் எடுத்துக் கொள்ளலாம். உரிமை என்றால் நம்மைக் கேட்காமல் எடுக்க முடியாது. இன்றைய கட்டுரை இந்த வேறுபாட்டைப் பற்றியது.

எழுதாத ஒப்பந்தமும் ஒப்பந்தமே

1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சில நமது கோலகங்சாரில்தான் நடப்பட்டன. அதன் பிறகு வந்த தோட்டங்களில் வேலை செய்த நம் பாட்டன் பாட்டிமாரில் எத்தனை பேர் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கைநாட்டு வைத்தார்கள்? கங்காணி சொன்னதும், துரை தலையசைத்ததும், நேற்று நடந்ததுபோல் இன்றும் நடந்ததும்தான் அவர்களுக்கு ஒப்பந்தம். தோட்ட வாழ்க்கையே பழக்கத்தின் மேல் கட்டப்பட்டது.

இது சட்டத்துக்கும் தெரியும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, வேலை ஒப்பந்தம் எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம், வெளிப்படையாகச் சொன்னதாகவும் இருக்கலாம், சொல்லாமலே விளங்கிக் கொள்ளப்பட்டதாகவும் இருக்கலாம் என்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஆனால் எழுதிய தாளோடு எல்லாம் முடிந்து விடுவதில்லை. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வகையான ஒப்பந்தங்களோடு வழக்கமாக ஒட்டி வரும் பழக்கங்கள், தாளில் இல்லாவிட்டாலும், சாட்சி சொல்லி நிரூபிக்கப்படலாம் என்பதே அது. ஒரு நிபந்தனை உண்டு. தாளில் எழுதியிருப்பதற்கு அந்தப் பழக்கம் முரணாக இருக்கக் கூடாது.

ஆக, “ஒப்பந்தத்தில் இல்லை” என்று நிர்வாகம் சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. “எழுத்தில் இல்லை, நடப்பில் இருக்கிறது” என்று பதில் சொல்ல நமக்கு இடமிருக்கிறது. ஆனால் எந்தப் பழக்கம் வேண்டுமானாலும் உரிமையாகிவிடாது. அதற்கு அளவுகோல் உண்டு.

கல்கத்தாவில் வந்த அளவுகோல்

நமது தீபாவளியைப் போல வங்காளத்தில் துர்க்கா பூஜை. கல்கத்தாக் கம்பெனிகள் பல, பூஜைக்கு முன் தொழிலாளர்களுக்கு போனஸ் கொடுத்து வந்தன. ஒரு வருஷம் சில கம்பெனிகள் கையை விரித்தன. வழக்கு இந்திய உச்சநீதிமன்றம் வரை போனது. 1959-ல் இஸ்பஹானி கம்பெனி வழக்கிலும் கிரஹாம் டிரேடிங் கம்பெனி வழக்கிலும் தீர்ப்புகள் வந்தன. இப்படிப்பட்ட பூஜை போனஸ், சொல்லாமலே விளங்கும் ஒப்பந்த நிபந்தனையாகவும் ஆகலாம், பழக்கத்தால் வரும் உரிமையாகவும் ஆகலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது.

பழக்கத்தால் வரும் உரிமைக்கு கிரஹாம் வழக்கில் நான்கு கேள்விகள் வைக்கப்பட்டன. வருஷம் விடாமல் தொடர்ச்சியாகக் கொடுக்கப்பட்டதா? போதுமான நீண்ட காலம் கொடுக்கப்பட்டதா? நட்டம் வந்த வருஷத்திலும் கொடுக்கப்பட்டதா? ஒரே கணக்கில் கொடுக்கப்பட்டதா? மூன்றாவது கேள்வியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். லாபம் வந்தால் மட்டும் கொடுப்பது முதலாளியின் மகிழ்ச்சி. நட்டத்திலும் கொடுத்தார் என்றால், கொடுத்தே ஆகவேண்டும் என்று அவரே நினைத்திருக்கிறார் என்று பொருள்.

பிறகு 1976-ல் பம்பாய்க் கடைத் தொழிலாளர் வழக்கில், போனஸ் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டதாலேயே பழக்கத்தால் வந்த போனஸ் உரிமை செத்துப் போகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இந்தியத் தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நமது ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சட்டங்களை ஒட்டி எழுதப்பட்டவை. ஆகவே அங்குள்ள தீர்ப்புகளை இங்கே எடுத்து வைத்தால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இரு பக்கமும் வெட்டும் கத்தி

இங்கிலாந்திலிருந்து இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். ஒன்றில் தொழிலாளி வென்றார், மற்றதில் தோற்றார்.

முதலாவது 1906-ல் முடிந்தது. வேல்ஸ் பகுதியில் தகரத் தகடு செய்யும் ஓர் ஆலை. டெவனால்டு என்ற தொழிலாளிக்கு நம் பால்மரம் வெட்டுகிறவர்களைப்போல் செய்த வேலையின் அளவுக்குக் கூலி. ஆர்டர் குறைந்ததென்று ஆலையை மூடினார்கள். மூடிய நாட்களுக்குக் கூலி இல்லை என்றார்கள். “ஆர்டர் இல்லாவிட்டால் மூடுவதும், மூடினால் கூலி கொடுக்காததும் இந்தத் தொழிலில் பழக்கம்” என்பது முதலாளியின் வாதம். நீதிபதிகள் ஏற்கவில்லை. ஒரு பழக்கம் ஒப்பந்தமாக வேண்டுமானால் அது நியாயமானதாக, நிச்சயமானதாக, எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். வேலை கொடுப்பதாகச் சொல்லிக் கட்டி வைத்துவிட்டு, கூலியில்லாமல் கையைக் கட்டிக் கொண்டிரு என்பது நியாயமான பழக்கமல்ல என்றார்கள். அந்த மூன்று சொற்களும் இன்றுவரை பல நாட்டு நீதிமன்றங்களில் வழங்குகின்றன.

இரண்டாவது 1931-ல். லங்காஷயர் நெசவாலையில் சாகர் என்ற நெசவாளி நெய்த துணியில் பழுது என்று ஒரு ஷில்லிங் பிடித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். அந்த ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் பிடித்து வருகிறார்கள், அந்தப் பகுதியின் பெரும்பாலான ஆலைகளிலும் இதுவே நடக்கிறது, ஆகவே வேலையில் சேர்ந்தபோதே இந்தப் பழக்கத்தையும் ஏற்றுக் கொண்டதாகத்தான் பொருள் என்று தீர்ப்பாகிவிட்டது. அவருக்கு அது முன்பே தெரியுமா தெரியாதா என்பதைக்கூட நீதிபதிகள் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

ஆகவே பழக்கம் எப்போதும் தொழிலாளி பக்கம் நிற்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல வேளையாக, நம் நாட்டில் இதற்கு ஒரு வேலி உண்டு. வேலைச் சட்டம் தருவதைவிடக் குறைவான எந்த நிபந்தனையும் செல்லாது. சட்டம் சொன்னதுதான் நிற்கும் என்கிறது 7-ஆம் பிரிவு. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்கு 24-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. உடைந்த மங்குக்கும் தொலைந்த வாளிக்கும் பிடிப்பது “அந்தக் காலத்திலேர்ந்து இப்படித்தான்” என்று சொன்னால், அந்தக் காலத்திலிருந்தே தப்பு செய்கிறீர்கள் என்று பதில் சொல்லலாம். நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டாலும் வரத் தயாராக இருந்த நாட்களுக்குக் கூலி தரவேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. “வேலையில்லேன்னா கூலியில்லே, அதான் மாமூல்” என்ற பேச்சு அதன் முன் நிற்காது.

நமது நாட்டுத் தீர்ப்பு ஒன்றும் நினைவில் இருக்கட்டும். ஓட்டல் தொழிலாளர்களுக்குச் சேவைக் கட்டணத்தில் பங்கு கொடுப்பது நெடுங்காலமாக இருந்து கூட்டு ஒப்பந்தத்திலும் ஏறிவிட்ட நடைமுறை. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததும், அந்தப் பங்கையே சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்ட சில ஓட்டல்கள் பார்த்தன. பெட்டாலிங் ஜெயா ஓட்டல் ஒன்றின் வழக்கில் 2021-ல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தப்படி தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணத்தை எடுத்து, சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய கடமையைத் தீர்க்க முடியாது. நமது குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் 900 வெள்ளியில் தொடங்கி 2025-ல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. ஏற்றம் வரும்போதெல்லாம், “சம்பளம்தான் கூடிவிட்டதே, இனி அது எதற்கு, இது எதற்கு” என்று பழைய வசதிகளின் மேல் கை வைக்கும் நிர்வாகங்கள் உண்டு. அப்போது இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

நான் தோற்ற கதை

சங்க வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. வேறொரு தோட்டம். அங்கே சம்பள நாளன்று பதினொரு மணிக்கு வேலை முடியும். கூலி முழு நாளுக்கு. என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். புதிய நிர்வாகி வந்தார். சம்பள நாளும் மற்ற நாளைப்போல்தான் என்று அறிவித்தார். ஆட்கள் லயத்தில் முணுமுணுத்தார்கள். தேத்தண்ணிக் கடையில் திட்டினார்கள். மறுமாதம் முழு நாளும் வேலை செய்தார்கள். அப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

நான் வீராப்பாகப் போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி வந்தது: “இரண்டரை வருஷமாக ஒரு கடிதமாவது எழுதினீர்களா? இப்போது இதுதானே உங்கள் தோட்டத்துப் பழக்கம்?” என்னிடம் பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்பார்கள். பழைய பழக்கம் எப்படி நாளடைவில் உரிமையாயிற்றோ, அப்படியே நமது மௌனமும் நாளடைவில் ஒரு பழக்கமாகிவிட்டது. அந்தத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வெளியே வந்ததும், “நாங்கதாம்பா எடுத்துக் குடுத்துட்டோம்” என்றார். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

வேன் திரும்ப வந்த கதை

அதனால்தான் வேன் விவகாரம் வந்தபோது அன்றைக்கே உட்கார்ந்து கடிதம் எழுதினோம். “இந்த மாற்றத்தை நாங்கள் ஏற்கவில்லை. வேலைக்கு வருகிறோம், ஆனால் எதிர்ப்போடு வருகிறோம்.” அவ்வளவுதான். நகலில் அலுவலக முத்திரை வாங்கினோம். பிறகு அத்தாட்சி தேடினோம்.

பழைய டிரைவர் ஓய்வு பெற்று டவுனில் மகள் வீட்டில் இருந்தார். அவர் தமது பாக்கெட் டைரியில் நாள் தவறாமல் “ஸ்கூல் டிரிப்” என்று குறித்து வைத்திருந்தார். அது அவருக்குச் செக்ரோலில் வேலையாகவே போடப்பட்டு வந்திருக்கிறது. ஒரு முறை வேன் கெட்டு மூன்று வாரம் ஓடவில்லை. அப்போது நிர்வாகம் வெளி வேனை வாடகைக்கு அமர்த்திப் பணம் கட்டியிருக்கிறது. செம்பனை விலை சரிந்த வருஷங்களிலும் வேன் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி மாறிய வருஷம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை ஓர் அக்கா பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு ஒரே பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்தார். “தோட்டத்தில் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு நிர்வாகமே வேன் வசதி தரும்” என்று அதில் இருந்தது. மனமிரக்கம் என்ற வாதம் அந்தத் தாளின் முன் மெலிந்து போனது.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் கேட்டோம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தோட்டத்து லோரி விடவேண்டும் என்று. அது நிற்கவில்லை. சில வருஷம் லோரி விட்டார்கள், சில வருஷம் கோயில் தலைவரிடம் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள், சில வருஷம் எதுவும் இல்லை. நிர்வாகிக்கு நிர்வாகி மாறியது. நிச்சயமில்லாத பழக்கம் உரிமையாகாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், அதை விட்டு விட்டோம்.

மூன்றாவது சந்திப்பில், சமரச அதிகாரி முன்னிலையில், வேன் தொடரும் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. மாற்ற வேண்டுமானால் மூன்று மாதம் முன்னதாகச் சங்கத்தோடு பேசவேண்டும் என்பதும் அதில் உண்டு. இது நீதிமன்றத் தீர்ப்பல்ல. பேசி முடித்த உடன்பாடு. ஆனால் அத்தாட்சி இல்லாமல் போயிருந்தால் பேச்சே நடந்திருக்காது.

தோட்டம் கை மாறும்போது

பேராக்கில் இன்று பல தோட்டங்கள் விற்கப்படுகின்றன. வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போகின்றன. 1980-ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிகளைத் தெரிந்து வையுங்கள். புதிய முதலாளி, கை மாறிய ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்தால், அதை நியாயமில்லாமல் மறுக்கிறவருக்கு இழப்பீடு கிடையாது. “குறையாத நிபந்தனை” என்ற சொல்லில்தான் நமது பழக்கங்களும் வருகின்றன. பழைய இடத்தில் மாமூலாக இருந்தவை எவை என்று நம்மிடம் பட்டியல் இருந்தால்தான், குறைந்ததா குறையவில்லையா என்று வாதாட முடியும். இழப்பீடு வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்து நாள் சம்பளம். இரண்டு வருஷம் முடிந்தவருக்குப் பதினைந்து நாள். ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். முப்பது வருஷம் உழைத்தவருக்கு இது சின்னத் தொகையல்ல.

வீடு மட்டும் வேறு கணக்கு. மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தோம் என்பதால் மட்டும் வீடு நமதாகிவிடாது. வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும் என்றே பெரும்பாலும் வாதிடுவார்கள். வீடு தருவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்தால் அதை அன்றே எழுத்தில் வாங்குங்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பட்டியல் போடுங்கள். உங்கள் தோட்டத்தில் எது எந்த வருஷத்திலிருந்து நடக்கிறது, யாருக்கெல்லாம் கிடைக்கிறது, எந்த வருஷமாவது நின்றதா என்று தோட்டக் கமிட்டி ஒரு நோட்டில் எழுதட்டும். ஓய்வு பெற்ற மண்டோரும் ஆயம்மாவும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது, தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளச் சீட்டு, அறிவிப்பு, அழைப்புக் கடிதம் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். அறிவிப்புப் பலகையைக் கைத்தொலைபேசியில் படம் பிடிப்பது ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, புதிய கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். “எல்லா வசதிகளும் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டவை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம்” என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், தாளுக்கு முரணான பழக்கம் என்று நமது கதவையே அடைத்து விடுவார்கள்.

நான்காவது, மாற்றம் வந்தால் உடனே எழுதுங்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால். வேலையை நிறுத்த வேண்டாம். எதிர்ப்பை எழுத்தில் கொடுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்திடம் வாருங்கள். விவகாரம் தொழிலியல் உறவு இலாகாவுக்கும் அங்கிருந்து தொழிலியல் நீதிமன்றத்துக்கும் போக வழியுண்டு. சங்கத்தில் இல்லாதவர்கள் சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள் என்றால், 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, இன்று நம் பக்கத்து நிரையில் வேலை செய்கிறவர் வங்காளதேசத்துக்காரராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். அவரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். எல்லோருக்கும் கிடைக்கும் பழக்கம்தான் நிலைக்கும். “உனக்கு உண்டு, அவனுக்கு இல்லை” என்று பிரிக்க விட்டால், அது நிர்வாகியின் விருப்பம் என்று நாமே ஒப்புக் கொண்டதாகிவிடும்.

1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததும், அதன்பின் முதலாளிமார் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தங்கள் வந்ததும் எதற்காக? வாயால் சொன்னதைத் தாளில் ஏற்றத்தான். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி கூட்டு ஒப்பந்தத்தில் உள்ளது ஒவ்வொரு தொழிலாளியின் ஒப்பந்தத்திலும் இருப்பதாகவே பொருள். ஆகவே பழக்கமாகக் கிடைப்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் எழுத்தில் ஏற்றிவிடுவதுதான் கடைசிப் படி. பழக்கத்தை நிரூபிக்க நூறு சாட்சி வேண்டும். எழுத்துக்கு அந்தத் தாள் ஒன்றே போதும்.

அந்தத் தோட்டத்தில் இப்போது காலை ஆறே காலுக்கு வேன் வருகிறது. அன்று முதலில் பேசிய தங்கை, நிர்வாகம் கொடுத்த கடிதத்தின் நகலை லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். நீங்களும் இன்று இரவு சாப்பிட்ட பிறகு, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்திலாவது எழுதத் தொடங்குங்கள்: “எங்கள் தோட்டத்தில் மாமூலாக நடப்பது...”